கதவு திறவாத கடவுச்சொல்

எமது கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர், பெற்றோருக்கு அறிவித்தல் அனுப்புவதற்கென ஒரு வலைச்செயலியை அமைத்துத் தந்திருந்தார். அலுவலகத்திலே ஒரு பொத்தானை அழுத்தினால் அறுபது வீடுகளுக்கு மின்னஞ்சல் போகும். சென்ற தவணையிலே, உயர்தர வகுப்புக்குரிய ஒரு புலமைப்பரிசிலின் இறுதி நாளை அவ்வாறே அறிவித்தோம். ‘அனுப்பப்பட்டது’ என்று திரை கூறிற்று. நாமும் நிம்மதியாக வீடு சென்றோம். இறுதி நாளுக்கு முதல்நாள் ஒரு தாயார் வந்து, “சேர், விண்ணப்பம் எப்போது கொடுக்கவேண்டும்?” என்று வினவினார். ஒரு வீட்டுக்கேனும் கடிதம் போய்ச் சேரவில்லை என்பது அப்போதுதான் வெளியாயிற்று.

எமது கோபம் அப்பழைய மாணவர்மேற் பாய்ந்தது. தொலைபேசியிற் கடுமையாகவே பேசினோம். அவர் எதிர்வாதம் புரியாது, செயலியின் பதிவுக்கோப்பைத் திறந்து பார்க்கும்படி மட்டும் கூறினார். அங்கே ஒவ்வொரு கடிதத்துக்கும் எதிரே 535 என்னும் எண் நின்றது.

கணினிகள் தம்முள் மின்னஞ்சலைக் கையளிக்கும் முறையை ஜொனதன் பொஸ்ரல் 1982இல் வகுத்தெழுதியபோது, அனுப்புபவரிடம் கடவுச்சொல் கேட்கும் வழக்கம் அதில் இருக்கவில்லை. 1999இலேதான் அச்சோதனைக்குரிய விதிகள் வெளியாயின. அதிலே தவறியவருக்கு அஞ்சல் வழங்கி கூறும் விடையே 535. போர்ட் எனப்படும் வாயில் எண் பிழைத்தாற் பெரும்பாலும் தொடர்பே கிட்டாது. 535 வந்ததென்றால் வாயிலை அடைந்துவிட்டோம், காவலன்தான் எம்மை ஏற்கவில்லை என்பது பொருள். இதனை அறியாது, 587ஐ 465 ஆக்கியும் 465ஐ 587 ஆக்கியும் அரைமணி நேரத்தை வீணாக்கினோம்.

“சேர், அண்மையில் யாராவது கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினீர்களா?” என்று கேட்டார் மாணவர்.

மாற்றியவர் நாமே! பாதுகாப்புப் பற்றிய ஒரு கருத்தரங்கிற் கேட்டதை, வீடு திரும்பிய கையோடு நிறைவேற்றியிருந்தோம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 2022 மே 30 முதல், கணக்கின் பெயரையும் வழமையான கடவுச்சொல்லையும் மட்டும் கொண்டு பிற செயலிகள் தனிநபர் கணக்குகளுள் நுழைவதைக் கூகிள் நிறுத்தியது. இரட்டைச் சரிபார்ப்பை ஏற்படுத்திய பின்னர், செயலிக்கெனப் 16 எழுத்துக்களாலான தனிக் கடவுச்சொல் ஒன்றைப் பெறலாம். ஆனால், கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிய அக்கணமே அத்தனிச்சொற்கள் யாவும் செல்லாதனவாகிவிடும். எமது அஞ்சற்கணக்கும் இவ்வகையினதே.

புதிய தனிச்சொல்லைப் பெற்று அமைப்புக் கோப்பில் இட்டோம். மறுபடியும் 535! செயலி பழைய சொல்லையே நினைவிற் கொண்டிருந்தது. அதனை நிறுத்தி மீள இயக்கியதும் வழி திறந்தது. (வேறு சேவையைப் பயன்படுத்துவோரின் கடவுச்சொல்லில் ‘#’ குறி இருப்பின், அதனை மேற்கோட்குறிக்குள் இடுக. சில செயலிகள் அக்குறிக்கு அப்பாலுள்ளதை வெறுங் குறிப்புரையெனத் தள்ளிவிடும்.)

எனினும், எமது உள்ளத்தை உறுத்தியது அந்த ‘அனுப்பப்பட்டது’ என்னும் சொல்லே. வழங்கியின் விடையைப் பாராது, பொத்தானை அழுத்தியதும் அதைக் காட்டும்படி செயலி எழுதப்பட்டிருந்தது. இது மாணவரின் பிழைதான். இப்பொழுது 250 என்னும் ஏற்பு விடை வந்தாலன்றி அச்சொல் தோன்றாது. அதுவுங்கூட வழங்கி கடிதத்தை ஏற்றதற்கே சான்று, வீட்டார் வாசித்ததற்கன்று. ஆதலால் முக்கியமான அறிவித்தல்களை இப்போது தொலைபேசியிலும் கூறுகின்றோம்.

அன்று மாலை ஆசிரியர் நால்வர் கூடி அறுபது வீடுகளுக்கும் பேசினோம். இரண்டு பிள்ளைகளுக்குக் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் உரிய வேளையிற் கிடைக்கவில்லை. அவர்களின் விண்ணப்பம் போகவில்லை. பழைய மாணவரைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டோம். அவ்விரு வீடுகளுக்கும் நேரிற் சென்று, கடவுச்சொல்லை மாற்றியவர் யார் என்பதையும் கூறினோம்.