மொட்டைக் கோபுரமும் முதல் திரையும்

ஸ்ரீரங்கம் செல்லும் ஒன்றாம் எண் பேருந்து காவிரிப் பாலத்தில் ஏறும்போது, கைப்பேசியில் ஓர் இணைய இலக்கிய இதழைத் திறந்தேன். வெள்ளைத் திரை. பாதிப் பாலத்தில் இதழின் இலச்சினை வந்தது. பிறகு தாமாக நகரும் ஐந்து படங்களில் முதலாவது, அதுவும் அரைகுறையாக. மாம்பழச் சாலையில் கட்டுரையின் தலைப்பு தென்பட்டது. தொடப்போன கணத்தில் மேலே இன்னொரு படம் வந்து அமர, தலைப்பு கீழே நழுவி, விரல் விளம்பரத்தின்மேல் விழுந்தது.

இதழை நடத்தும் நண்பரிடம் முறையிட்டேன். “அரங்கனைச் சேவிக்க ஏழு பிராகாரம் கடக்கிறீர்கள். இலக்கியத்துக்காக ஒரு நிமிடம் பொறுக்கமாட்டீர்களா?” என்றார்.

உவமை அழகுதான், ஊரை அறியாத உவமை. சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள், பூ விற்கிறார்கள், கோலம் போடுகிறார்கள். ஒவ்வொரு மதிலைத் தாண்டும்போதும் கண்ணுக்கு ஏதோ ஒன்று கிட்டுகிறது. வெற்றுத் திரை பிராகாரம் அன்று, சாத்திய கதவு.

உண்மையில் ஸ்ரீரங்கம் என் கட்சிக்கே சாட்சி. இன்று 13 நிலைகளோடு 236 அடி உயர்ந்து நிற்கும் ராஜகோபுரம் 1987இல்தான் நிறைவுற்றது. அதற்கு முன் சில நூற்றாண்டுகள் அது மொட்டைக் கோபுரம். கோபுரம் முடியட்டும், சேவை பிறகு என்று எவரும் நடையைச் சாத்திவைக்கவில்லை. நம் இதழ்களோ கடைசிக் கலசம் ஏறும்வரை கருவறையைத் திறப்பதில்லை.

தமிழ் எழுத்தே கனமானது என்று ஒரு சமாதானம் சொல்கிறார்கள். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் ஆவது மெய். ஆயினும் ஆயிரம் சொற்கள் கொண்ட கட்டுரை சுமார் 30 கிலோபைட்தான். சுருக்கி அனுப்பினால் பத்தைத் தொடாது. முகப்பில் மாட்டிய சூரியோதயப் படம் மூன்று மெகாபைட் என்றால், நூறு கட்டுரைகளின் எடையை ஒற்றைச் சூரியன் சுமக்கிறது!

எழுத்துரு மோகம் இதைவிடக் கொடிது. கட்டுரை வந்து சேர்ந்திருக்கும். அலங்கார எழுத்துரு இன்னும் இறங்கவில்லை என்பதற்காக உலாவி அதை மறைத்து வைத்திருக்கும். கைப்பேசியிலேயே இருக்கும் தமிழ் எழுத்துருவில் முதலில் காட்டு, பிறகு மாற்றிக்கொள் என்று சொல்ல ஒரு வரிக் கட்டளை போதும். படத்தின் நீள அகலத்தை முன்கூட்டியே குறித்துவிட்டால் தலைப்பு நழுவாது. திரைக்குக் கீழே கிடக்கும் படங்களை வாசகர் அங்கே வரும்போது அனுப்பலாம்.

முதல் திரையின் முதன்மைப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகிள் 2020இல் வகுத்த அளவு. ஐந்தாம் தலைமுறை அலைக்கற்றை வந்துவிட்டதே என்பவர்களுக்கு: விலை குறைந்த கைப்பேசியில் தாமதம் வலையில் மட்டும் இல்லை, நீங்கள் அனுப்பும் நிரல்களைப் பிரித்து இயக்குவதிலும் இருக்கிறது. அத்தகைய கைப்பேசியை வைத்திருப்பவர்தான் பேருந்தில் கவிதை படிக்க நினைக்கிறார். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பக்கங்களில் அழகு குறைவு என்று நகைக்கிறோம். ஆனால் அங்கே நூல் உடனே கண்முன் வந்து நிற்கிறது. இந்த ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா முதல் வரியிலேயே வாசகரைப் பிடித்துவிடுவார். அவர் கதையை இன்று வெளியிட்டால், அந்த முதல் வரிக்கு முன் ஆசிரியர் குழுவின் புகைப்படம் இருக்கும்.

நண்பர் மனமிரங்கி முகப்பை மாற்றப்போவதாகச் சொல்லியிருக்கிறார். புதிதாக ஒரு காணொளி வருகிறதாம், காவிரியில் நீர் ஓடுவதுபோல.