உதிரும் புள்ளிகள்

கொங்கு நாட்டுக் கடைப் பலகைகளில் முதலில் உதிர்வது மெய்யெழுத்தின் புள்ளிதான். கோவையில் எந்தக் கடைவீதியிலும் கொஞ்சம் அண்ணாந்து பார்த்தபடி நடந்தால் போதும். எங்கோ ஒரு 'மெஸ்' 'மெஸ'வாகி நிற்கும். 'பம்ப்ஸ்' என்ற சொல்லுக்கு மூன்று புள்ளி, 'டெக்ஸ்டைல்ஸ்' என்றால் நான்கு. பம்பையும் பஞ்சையும் நம்பிப் பிழைக்கும் ஊருக்கு இது கொஞ்சம் அநியாயம்.

காரணம் எளிய கணக்கு. ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள புள்ளிக்கு ஒட்டிக்கொள்ள ஏறத்தாழ முக்கால் சதுர சென்டிமீட்டர் இடம்தான் கிடைக்கிறது. அதைச் சுற்றியுள்ள ஓரமோ மூன்று சென்டிமீட்டருக்கு மேல். வினைல் ஸ்டிக்கர் பெயர்வது எப்போதும் ஓரத்திலிருந்துதான். தூசி, ஈரம், சும்மா நிற்கும் ஆளின் நகம் எல்லாம் நுழையும் வாசல் அது. தமிழ்நாட்டின் கடைகள், நிறுவனங்கள் விதிப்படி பெயர்ப் பலகையில் தமிழ் ஐந்து பங்கு, ஆங்கிலம் மூன்று, பிற மொழி இரண்டு என்ற விகிதம் இருக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கினால் புள்ளியும் பெரிதாகும், பிடிப்பும் கூடும். விதியை மதிப்பதில் இப்படி ஒரு லாபமும் உண்டு என்பதைக் கடைக்காரர்களிடம் யாரும் சொல்வதில்லை.

புள்ளி உதிர்ந்ததும் எல்லோரும் திட்டுவது பசையை. பசையின் மேல் குற்றம் குறைவு.

முதல் சந்தேகம் பலகை மேல் வர வேண்டும். சன்போர்டு, சன்பேக் என்று கடைகளில் இரண்டு பெயர்கள் அடிபடும். காதுக்கு அண்ணன் தம்பி போல இருந்தாலும் குணத்தில் இரண்டும் வேறு வேறு சாதி. சன்போர்டு என்பது நுரை வைத்த பிவிசி. உள்ளே நுண்ணிய காற்றறைகள், மேலே வழவழப்பான தோல். சன்பேக் என்பது நடுவே குழல் குழலாக ஓடும் பாலிப்ரொப்பிலீன் அட்டை. மின்கம்பத்தில் 'டியூஷன் எடுக்கப்படும்' என்று தொங்குவது பெரும்பாலும் அதுதான்.

அழுத்தினால் ஒட்டும் பசை, பரப்பின் மேல் ஒரு திரவத்தைப் போல மெல்லப் பரவிய பிறகே பிடிக்கும். அப்படிப் பரவ ஒரு பரப்பு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதை டைன் என்ற அளவில் சொல்வார்கள். பிவிசிக்கு அது சுமார் 39. பாலிப்ரொப்பிலீனுக்கு 30-ஐ ஒட்டித்தான். இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் ஆலையிலேயே சன்பேக்கின் மேல் மின்பொறி பாய்ச்சுகிறார்கள். கொரோனா ட்ரீட்மென்ட் என்று பெயர் (2020-க்கு முன்பே இருந்த பெயர்தான், பயப்பட வேண்டாம்). அதன் வீரியம் நாளாக ஆகக் குறைந்துவிடும். மாதக்கணக்கில் மூலையில் சாய்ந்து கிடந்த அட்டையில் நல்ல வினைலை ஒட்டினாலும் பிடிமானம் சந்தேகம்தான். டைன் பேனா என்று ஒன்று விற்கிறது. அதைக் கொண்டு ஒரு கோடு இழுத்து, மை முத்து முத்தாகத் திரண்டால் பசையும் அங்கே அதைத்தான் செய்யும் என்று புரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது, வினைல். தானே ஒட்டிக்கொள்ளும் லேபிளை 1935-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டான்டன் ஏவரி தொழிலாக்கியபோது அது வெறும் காகிதம். இன்றைய வினைல் ஃபிலிமோ பிவிசி. வளைந்து கொடுப்பதற்காக ஒரு மென்மையூட்டியைக் கலக்கிறார்கள். மலிவான மோனோமெரிக் ரகத்தில் அந்த மென்மையூட்டி நாளடைவில் நழுவிப் பசைக்குள் இறங்கும். பசை இளகும், ஃபிலிம் சுருங்கும். எழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு தெரிகிறதே, அது எழுத்து சுருங்கியபின் வெளியே அம்பலமான பசையில் வீதித் தூசி வந்து உட்கார்ந்த அடையாளம். பாலிமெரிக் ரகம் இவ்வளவு சுருங்காது. வார்த்தெடுக்கும் 'காஸ்ட்' ரகம் அதற்கும் மேல், விலையும் அதற்கும் மேல்.

எல்லாவற்றிலும் பெரிய குற்றவாளி அவசரம். சால்வென்ட் மையில் அச்சான ஃபிலிமை ஒரு நாளாவது காற்றாட விட வேண்டும். மையில் மிஞ்சிய கரைப்பான் வெளியேறாமலே லேமினேஷன் போட்டு ஒட்டினால், அது உள்ளேயே பசையை இளக்கி ஓரத்தைச் சுருட்டிவிடும். நடப்பது என்ன? சாயங்காலம் பிரிண்ட், ராத்திரி லேமினேஷன், விடிகாலை திறப்பு விழா. ஒட்டியபின் பசை முழுப் பிடிப்புக்கு வரவும் ஒன்றிரண்டு நாள் ஆகும் என்பதை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை.

சுத்தம் இன்னொரு அத்தியாயம். சன்போர்டை அறுத்த தூள், நிலைமின்னால் அதன் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். பஞ்சாலைப் பக்கம் கடை என்றால் காற்றில் பஞ்சுத் துகள், ஃபவுண்டரிப் பக்கம் என்றால் கரித்தூசி. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த பின் வெறுங்கையால் தொடாமல் ஒட்டுவதே முறை. காலையில் தேங்காயெண்ணெய் வைத்த தலையைக் கோதிய கை பலகையின் நடுவே ஒருமுறை பட்டால் போதும், அந்த இடத்தில் குமிழ் நிச்சயம். கை பழகாதவர்கள் சன்போர்டில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஃபிலிமை நகர்த்தி ஒட்டிப் பார்க்கலாம்; நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஸ்க்வீஜியால் தண்ணீரை ஒட்ட வழித்துவிட வேண்டும். காகிதம் போர்த்திய தெர்மோகோல் வகைப் பலகையில் மட்டும் தண்ணீர் கூடாது, காகிதம் ஊறிப்போகும். அதில் ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகையே வில்லாக வளைவதும் உண்டு. அப்போது பின்பக்கமும் ஒரு வெற்று வினைலை ஒட்டித்தான் சமன் செய்கிறார்கள்.

இனி ஊரின் பங்கு. எட்டடி நீளச் சன்போர்டு, காலைக் குளிர்ச்சிக்கும் நடுப்பகல் வெயிலுக்கும் இடையே முப்பது டிகிரி சூடேறினால் ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர் நீளும். நான்கு மூலையையும் இறுக்கி ஆணி அடித்திருந்தால் நீள இடமின்றி நடுவில் உப்பும். கறுப்புப் பின்னணி என்றால் சூடு இன்னும் ஏறும். 70 டிகிரியை நெருங்கும்போது பிவிசி இளகத் தொடங்கிவிடும். சித்திரை வெயில் ஓரத்தைத் தளர்த்தி வைக்க, பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்று வந்து வேலையை முடிக்கும். பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, அந்த மாதத்தில்தான் புதிதாக ஏறும் ஆடித் தள்ளுபடிப் பலகைகளையும் பதம் பார்க்கிறது.

இதற்காக எல்லாப் பலகைக்கும் உயர்ந்த சரக்கு வேண்டுமென்பதில்லை. கொடிசியா வளாகத்தில் ஜூலையில் அக்ரி இன்டெக்ஸ் வேளாண் கண்காட்சி நடக்கும்போது ஸ்டாலுக்குள் வைக்கும் பலகைக்குச் சில நாள் ஆயுசு போதும். கூரைக்குக் கீழே, வெயில் படாத இடம். அங்கே மோனோமெரிக்கே தாராளம். அதற்குப் போய் காஸ்ட் வினைல் கேட்பது வெட்டிச் செலவு. வம்பெல்லாம் அந்தச் சரக்கையே தெருவில் ஏற்றி, ஐந்து வருஷம் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கும்போதுதான்.

ஆனால் பலகைக் கடையில் நடக்கும் பேச்சு இவ்வளவுதான்: "ஏனுங்ணா, சதுர அடி என்ன ரேட்டுங்க?" சொன்ன ரேட்டில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்வார்கள், கடைக்காரரும் குறைப்பார். குறைந்தது ஃபிலிமின் ரகமா, பலகையின் தடிமனா, காயவிடும் நேரமா என்று அவரும் சொல்வதில்லை, இவரும் கேட்பதில்லை. முதல் நாள் பார்வைக்கு எல்லாம் ஒரே பளபளப்பு. ஒட்டுகிற பையனின் கைத்திறனைச் சதுர அடி ரேட்டில் எந்த வரியில் எழுதுவது?

அடுத்த முறை பலகைக்குச் சொல்லும்போது ரேட்டோடு இவற்றையும் கேளுங்கள்: பலகை சன்போர்டா சன்பேக்கா, வினைல் மோனோமெரிக்கா பாலிமெரிக்கா, அச்சடித்து எத்தனை மணி நேரம் காயவிடுவீர்கள்? விழாவுக்கு நான்கு நாள் முன்பே வேலையைக் கொடுத்துவிடுங்கள். மாட்டியபின் மெய்யெழுத்துப் புள்ளிகளை மட்டும் துணி வைத்து இன்னொரு தடவை அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள், அதற்கு யாரும் தனிக் கூலி கேட்க மாட்டார்கள்.