சோப்பு செய்யலாம், தராசு வேண்டும்!

வீட்டிலேயே சோப்பு செய்யும் ஆசை இப்போது பல குடும்பங்களைப் பிடித்திருக்கிறது. செல்போனில் ஒரு படம் பார்க்கிறார்கள். ஐந்தே நிமிடத்தில் தேங்காய் எண்ணெய் சோப்பாகி விடுகிறது! மஞ்சள், வேப்பிலை, கற்றாழை எல்லாம் அதில் விழுகின்றன. "ரசாயனம் இல்லாத இயற்கைச் சோப்பு" என்று சொல்லிப் படத்தை முடிக்கிறார்கள்.

ஆசை நல்லதுதான். ஒரு கைத்தொழில் வீட்டுக்குள் வருவதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால், அந்தப் படங்களில் பல, ஒரு விஷயத்தை மறைக்கின்றன. அல்லது, கண் இமைக்கும் நேரம் மட்டும் காட்டிவிட்டு ஓடிவிடுகின்றன. அந்த விஷயம்தான் காஸ்டிக் சோடா.

காரம் இல்லாமல் சோப்பு இல்லை

சோப்பு என்றால் என்ன? எண்ணெயும் காரமும் கூடி மாறிய பொருள்தான் சோப்பு. எண்ணெயை மட்டும் தேய்த்தால் அழுக்குப் போகாது. காரத்தை மட்டும் தேய்த்தால் தோல் வெந்துவிடும். இரண்டும் சரியான அளவில் சேர்ந்தால், இரண்டுமே பழைய குணத்தை விட்டுவிடுகின்றன. சோப்பும் கிளிசரினும் உண்டாகின்றன. பிரான்சு நாட்டு விஞ்ஞானி ஷெவ்ரல், கொழுப்பும் எண்ணெயும் எவற்றால் ஆனவை என்பதை ஆராய்ந்து, 1823ஆம் ஆண்டில் புத்தகமாகவே வெளியிட்டார்.

பழைய காலத்துப் பெரியவர்கள் சோப்பைச் "சவக்காரம்" என்றார்கள். பெயரிலேயே காரம் இருக்கிறது!

ஆகவே, "ரசாயனம் இல்லாத சோப்பு" என்று ஒன்று உலகத்தில் கிடையாது. சீயக்காய் உண்டு. பூந்திக்கொட்டை உண்டு. பயத்தமாவு உண்டு. இவை அழுக்கை நீக்கும். காரம் வேண்டாம் என்பவர்கள் தாராளமாக இவற்றைத் தேய்த்துக் குளிக்கலாம். ஆனால் இவை சோப்பு அல்ல. சோப்பு வேண்டும், காரம் வேண்டாம் என்பது, தயிர் வேண்டும், உறை மோர் வேண்டாம் என்பது போல!

கடையில் "சோப் பேஸ்" என்று கட்டியாக விற்கிறார்கள். அதை உருக்கி, வாசனை சேர்த்து, அச்சில் ஊற்றுகிறார்கள். இது சுலபம். அபாயமும் குறைவு. ஆனால், பெரும்பாலான பேஸுகளில் காரத்தின் வேலையைத் தொழிற்சாலை முன்பே முடித்து அனுப்பியிருக்கிறது. அதைத் "தானே செய்த ரசாயனமில்லாச் சோப்பு" என்று சொல்லி விற்பது சரியல்ல.

சர்க்கரை போல் இருக்கும் நெருப்பு

காஸ்டிக் சோடா வெள்ளை வெளேரென்று இருக்கும். சிலது செதில் செதிலாக, சிலது சிறு மணியாக இருக்கும். பார்த்தால் கல் உப்பு என்றோ சர்க்கரை என்றோ தோன்றும். தோலில் பட்டால் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். குழந்தை வாயில் போட்டுக்கொண்டால், தொண்டையும் உணவுக்குழாயும் வெந்துபோகும். பிழைத்தாலும் பல காலம் சிகிச்சை தேவைப்படலாம்.

இதைப் பழைய காப்பித்தூள் டப்பாவில் போட்டு அடுக்களை அலமாரியில் வைக்கும் வீடுகள் உண்டு. இது மகா தவறு! பெயர் எழுதிய மூடியில், பூட்டிய இடத்தில், குழந்தை கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். பூட்டு இல்லாத வீட்டில் காஸ்டிக் சோடாவே இருக்கக் கூடாது.

தோலில் பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கண் என்றால் கழுவிய கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். விழுங்கிய குழந்தையை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. போன வழியே திரும்பி வரும் காரம் மறுபடியும் சுடும். எலுமிச்சம்பழம், வினிகர் என்று கைவைத்தியம் செய்யவும் கூடாது. தாமதம் இல்லாமல் டாக்டரிடம் கொண்டு போக வேண்டும்.

கண் அளவு உதவாது

சமையலில் கை அளவு போதும். உப்பு கூடினால் உருளைக்கிழங்கைப் போட்டுச் சமாளிக்கலாம். சோப்பில் அந்தச் சாமர்த்தியம் செல்லாது.

ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒரு கணக்கு உண்டு. 1 கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாறச் சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். 1 கிலோ நல்லெண்ணெய்க்குச் சுமார் 134 கிராம் போதும். விளக்கெண்ணெய்க்குச் சுமார் 128 கிராம். தேங்காய் எண்ணெய்க் கணக்கை நல்லெண்ணெய்க்குப் போட்டால், கிலோவுக்குச் சுமார் 49 கிராம் காரம் மிஞ்சி நிற்கும். அந்தச் சோப்பு உடம்பைப் புண்ணாக்காமல் விடாது.

1 லிட்டரும் 1 கிலோவும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக் கூடாது. 1 லிட்டர் தேங்காய் எண்ணெய் சுமார் 920 கிராம்தான் இருக்கும். ஆகவே எண்ணெய், தண்ணீர், காரம் மூன்றையும் தராசில்தான் நிறுக்க வேண்டும். ஒரு கிராம் வித்தியாசத்தைக் காட்டும் தராசு தேவை. அது வாங்காதவர்கள் சோப்பு வேலையைத் தொடவே வேண்டாம்.

முதல் முறை செய்கிறவர்களுக்கு ஓர் அளவு: தேங்காய் எண்ணெய் 300 கிராம், நல்லெண்ணெய் 150 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம். இதற்கு 81 கிராம் காரம் கணக்காகும். அதில் நூற்றுக்கு 5 பங்கு குறைத்து 77 கிராம் போட வேண்டும். அப்போது கொஞ்சம் எண்ணெய் மிஞ்சும். காரம் மிஞ்சாது. தண்ணீர் 155 கிராம்.

செய்யும் முறை

குழந்தைகள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்க்க வேண்டும். ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை அவசியம். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது. காரம் அதை அரித்து, தீப்பிடிக்கக்கூடிய வாயுவைக் கிளப்பும். இந்தப் பாத்திரத்தைப் பிறகு சமையலுக்கு எடுக்கவும் கூடாது.

தண்ணீரில்தான் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அடுப்பே இல்லாமல் கரைசல் தானாகச் சுட ஆரம்பிக்கும்! ஆவி முகத்தில் படாமல் விலகி நிற்க வேண்டும்.

கரைசல் வெதுவெதுப்பாக ஆறியதும், வெதுவெதுப்பான எண்ணெயில் மெல்ல ஊற்றிக் கிளற வேண்டும். கையால் கிளறினால் நேரம் பிடிக்கும். கலவை தோசை மாவு போலக் கெட்டியாகும். கரண்டியிலிருந்து சொட்டும் துளி, மேலே கோடாகத் தெரிந்தால் அதுதான் பதம். அச்சில் ஊற்றி ஒன்றிரண்டு நாள் விட வேண்டும். கையுறையோடு எடுத்து வெட்ட வேண்டும். உள்ளே நீர்க்குமிழோ காரக் கட்டியோ தெரிந்தால், அந்தச் சோப்பை உபயோகிக்கக் கூடாது.

அன்றைக்கே குளிக்கலாம் என்று நினைப்பவர்கள் பொறுமையைக் கற்றுக்கொள்ள வேண்டும். காற்றோட்டமான நிழலில் 4 முதல் 6 வாரம் உலர்ந்தால்தான் கட்டி இறுகும். சீக்கிரம் கரையாமல் இருக்கும்.

லாபம் எதில்?

"வீட்டில் செய்தால் மலிவு" என்கிறார்கள். இது எப்போதும் உண்மை அல்ல. நல்ல எண்ணெய் வாங்கி, காரம் வாங்கி, தராசும் வாங்கினால், கடைச் சோப்பைவிடச் செலவு கூடவே ஆகலாம். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. எந்த எண்ணெய் சேர்ந்தது என்று தெரிகிறது. பல தொழிற்சாலைகள் பிரித்து எடுத்துவிடும் கிளிசரின் சோப்பிலேயே தங்குகிறது. வீட்டுப் பெண்கள் கையில் ஒரு தொழில் நிற்கிறது.

ஆனால் வேப்பிலை போட்ட சோப்பு சொறியைத் தீர்க்கும், மஞ்சள் போட்ட சோப்பு நிறத்தை மாற்றும் என்று நம்புவது வீண். ஒரு நிமிடத்தில் கழுவிவிடும் நுரைக்கு அவ்வளவு சக்தி கிடையாது. வீட்டில் செய்த சோப்பும் காரத்தன்மை உள்ளதுதான். "இயற்கை" என்று பெயர் இருப்பதால் பச்சைக் குழந்தைக்குத் தேய்க்கலாம் என்பதும் தப்பு.

சுய உதவிக் குழுவில் சேர்ந்து விற்க நினைப்பவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். விற்பனைக்குக் குளியல் சோப்பு செய்ய, 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி லைசென்ஸ் தேவை. இதைச் சொல்லாமல், "நாளைக்கே வியாபாரம் தொடங்கலாம்" என்று கட்டணம் வாங்கிக்கொண்டு வகுப்பு நடத்துவது, ஏழைப் பெண்களை ஏமாற்றுவதே ஆகும். வகுப்பு நடத்துகிறவர்கள் முதல் நாள் தராசையும், இரண்டாம் நாள் கையுறையையும் சொல்லிக் கொடுக்கட்டும். வாசனைத் தைலம் மூன்றாம் நாள் வந்தால் போதும்.

மைசூர் மகாராஜா காலத்தில், பெங்களூரில் அரசாங்கமே சோப்புத் தொழிற்சாலை தொடங்கியது. அந்தச் சந்தனச் சோப்பு இன்றும் கடையில் இருக்கிறது. வெறும் சந்தன வாசனையால் மட்டும் அது நூறு ஆண்டு நிலைத்துவிடவில்லை. அளவு தவறாத வேலையும் அதற்குக் காரணம்.

ரசாயனப் பாடம் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால், கணக்கை அந்தப் பிள்ளை போடட்டும். பதத்தைத் தாய் பார்க்கட்டும். தராசைப் பிடித்துச் செய்யும் வீட்டில் சோப்பு ஒரு நல்ல தொழில். கண் அளவில் செய்யும் வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்!