ரெண்டு வரிசை லைட் போட்டா அது ‘நைட் லேண்டிங்’ ஆகிடாது!

“மாவட்டத்துக்கு ஒரு ஏர்ஸ்ட்ரிப் போடுங்க, ரெண்டு பக்கமும் லைட் போடுங்க, குட்டி விமானம் ராத்திரியிலயும் இறங்கிடும். இதுக்கு எதுக்கு இத்தனை விதி?” இப்படி அளந்து விடுறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், முழுசா படிங்க தோழர்களே.

2011 மே 25, இரவு பத்தரை மணிக்கு மேல். பாட்னாவிலிருந்து நோயாளியோடு டெல்லிக்கு வந்த ஒற்றை எஞ்சின் ஏர் ஆம்புலன்ஸ், மோசமான வானிலையில் கட்டுப்பாட்டை இழந்து ஃபரிதாபாத் பர்வதியா காலனியில் வீட்டு மேல விழுந்தது. விமானத்தில் இருந்த 7 பேரும் இறந்தாங்க. தரையில் 3 பேர் இறந்தாங்க. அந்த 3 பேரும் எந்த விமானத்துலயும் ஏறல. அவங்க வீட்லதான் இருந்தாங்க.

ஃபரிதாபாத்தும் நம்மள மாதிரி தொழிற்சாலை ஊர்தான். மணவாள நகர்ல கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிக்கிற ஜனங்களுக்கும் இந்த விஷயத்துல பேச உரிமை இருக்கு.

சரி, ராத்திரியில் அப்படி என்ன ஆபத்து?

ஊருக்கு வெளியே இருட்டுக் காட்டு மேல பறந்து வரும்போது விமானிக்குத் தெரியறது ஓடுதள விளக்கு மட்டும்தான். கீழே வயலா, மேடா, மரமா எதுவும் தெரியாது. அப்போ கண்ணு ஏமாத்தும். ‘நாம ரொம்ப உயரத்துல இருக்கோம்’னு தோணும். இன்னும் கீழே இறக்குவார். ஓடுதளத்துக்கு முன்னாடியே தரையில மோதும். இதுக்குப் பேர் ‘கருந்துளை’ மாயை. இதைத் தடுக்கத்தான் ஓடுதளம் பக்கத்துல ‘பாபி’ன்னு நாலு விளக்கு வைக்கிறாங்க. ரெண்டு வெள்ளை, ரெண்டு சிவப்பு தெரிஞ்சா இறங்குற கோணம் சரி. நாலும் சிவப்பா தெரிஞ்சா ஆபத்தான தாழ்வு. ஓரத்துல வரிசையா லைட் மட்டும் போட்டா இதைச் சொல்லாது.

அடுத்தது தடைகள். 2023 ஜனவரி 5 இரவு, மத்தியப் பிரதேசம் ரீவா பக்கத்துல பயிற்சி விமானம் கோயில் சிகரத்துல மோதி விமானி இறந்தார். 2019 ஆகஸ்ட்ல அலிகார்ல பட்டப்பகல்லயே சின்ன விமானம் மின்கம்பியில சிக்கி எரிஞ்சது, உள்ளே இருந்த 6 பேர் தப்பிச்சது அதிர்ஷ்டம். 1973 மே 31 ராத்திரி சென்னையிலிருந்து டெல்லி போன பெரிய ஜெட் விமானமே இறங்கும்போது உயர் அழுத்தக் கம்பியில மோதுச்சு. இறந்த 48 பேர்ல ஒருத்தர் ஒன்றிய அமைச்சர் மோகன் குமாரமங்கலம். தலைநகர்லயே இந்தக் கதின்னா, அலமாதி 400 கிலோவோல்ட் துணை மின் நிலையமும், கும்மிடிப்பூண்டி புகைபோக்கிகளும் இருக்கிற நம்ம மாவட்டத்துல எவ்வளவு கவனம் வேணும்?

விலங்குகள்? 2015 டிசம்பர்ல ஜபல்பூர்ல இரவு தரையிறங்கின விமானம் காட்டுப்பன்றிக் கூட்டத்துல மோதி ஓடுதளத்தை விட்டே விலகுச்சு. சுற்றுச்சுவர் சரியில்லன்னா எந்த லைட்டும் காப்பாத்தாது.

எல்லாத்தையும் விடக் கொடுமை, பழி யார் மேல விழுதுங்கறதுதான். 2021 மே 6, கொரோனா உச்சம். ரெம்டெசிவிர் மருந்தோட இரவுல குவாலியர்ல இறங்கின மத்தியப் பிரதேச அரசு விமானம், ஓடுதளத்துல உயர்த்தி வச்சிருந்த தடுப்புல மோதுச்சு. மூணு பேர் காயம். தடுப்பு உயர்ந்திருக்குன்னு யாரும் எனக்குச் சொல்லலன்னார் விமானி. அந்த பாஜக அரசு என்ன செஞ்சது? அவர் கிட்டயே 85 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் விட்டுச்சு! விமானி மேல தப்பே இல்லன்னு நாங்க சொல்லல. ஆனா அமைப்போட தப்புக்கு பில் போடுறது யாரு?

விமானமும் விமான நிலையமும் அரசியல் சட்டத்துல ஒன்றியப் பட்டியல்ல இருக்கு. ஹவாய் செருப்பு போட்டவரையும் விமானத்துல ஏத்துவோம்னு மேடையில பேசுறது சுலபம். விமானப் பாதுகாப்பைக் கண்காணிக்கிற டிஜிசிஏவுல கிட்டத்தட்ட பாதிப் பணியிடம் காலின்னு 2025-ல நாடாளுமன்றக் குழுவே சொல்லிடுச்சே, அதுக்கு என்ன பதில்?

நாங்க நைட் லேண்டிங்கே வேண்டாம்னு சொல்லல. தூத்துக்குடியைப் பாருங்க. 1,350 மீட்டர் ஓடுதளத்தை வச்சுக்கிட்டு வருஷக்கணக்கா பகல்ல மட்டும் விமானம் வந்துச்சு. தமிழ்நாடு நிலம் எடுத்துக் கொடுத்து, ஓடுதளம் 3,115 மீட்டரா நீண்டு, இரவு வசதியோட 2025 ஜூலை 26-ல புது முனையம் திறந்தாங்க. அதுதான் முறை. வெறும் கான்கிரீட் போதும்னா நம்ம சோழவரத்துல உலகப்போர் காலத்து ஓடுதளம் இருந்துச்சே! அதுல பின்னாடி ஓடினது ரேஸ் கார்தான்.

நம்ம கோரிக்கை மூணு:
1. இரவு அனுமதிக்கு முன்னாடி சுற்றிலும் உள்ள கோபுரம், கம்பி, புகைபோக்கி எல்லாத்தையும் அளந்து, அந்த அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைக்கணும்.
2. ‘பாபி’ விளக்கு, வானிலைக் கருவி, தீயணைப்பு வண்டி, இரவு ஷிஃப்ட் ஆட்கள் இல்லாம ஒரு விமானம்கூட இறங்கக் கூடாது.
3. டிஜிசிஏ காலியிடங்களை உடனே நிரப்பணும்.

ஏர் ஆம்புலன்ஸ் உயிரைக் காப்பாத்தத்தான் வருது. அது நம்ம கூரை மேல விழாம இறங்கணும். அவ்ளோதான் கேக்குறோம்.

பகிருங்கள்!

– தகவல் தொழில்நுட்ப அணி, மணவாள நகர், திருவள்ளூர்

#விளக்குமட்டும்போதாது #டிஜிசிஏகாலியிடங்களைநிரப்பு