முதலிடமா, முன்னேற்றமா?

ஆங்கிலம் தெரிந்தால்தான் வாழ்வில் உயரலாம் என்ற எண்ணம் இன்று சிற்றூர் வரை பரவியுள்ளது. கடன்பட்டேனும் பிள்ளைகளை ஆங்கிலம் படிக்க வைக்கும் பெற்றோர் அநேகர். ஆயினும் பத்தாண்டுகள் பயின்ற பின்னும் வாய் திறந்து பேசக் கூசும் பிள்ளைகளை எங்கும் காண்கிறோம். அறிவுக் குறைவா காரணம்? நாம் அவர்கள்முன் வைக்கும் இலக்கைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

கல்வி உளவியலார் இலக்குகளை இரு வகையாகப் பிரிக்கின்றனர். ஒன்று, கற்பதில் தேர்ச்சி பெறுவது. மற்றது, பிறரை விஞ்சிக் காட்டுவது. முதலாவதில் தவறு ஒரு படிக்கல். இரண்டாவதில் அது அவமானம். மொழியோ தவறாகப் பேசிப் பேசியே படிவது. தவறுக்கு அஞ்சும் குழந்தை மௌனத்தையே புகலிடமாகக் கொள்ளும்.

1998இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 5ஆம் வகுப்பு மாணவருக்குப் புதிர்கள் கொடுத்துப் பார்த்தனர். "நீ கெட்டிக்காரன்" என்று புகழப்பட்டவர்கள், கடினமான புதிர்களில் தோற்றதும் சோர்ந்தனர். பின்பு தரப்பட்டவற்றில் முன்னைவிடக் குறைவாகவே செய்தனர். "நன்கு முயன்றாய்" என்று பாராட்டப்பட்டவர்களோ முன்னேறினர்.

தமிழகத்தில் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், தமிழ், ஆங்கிலம், கணிதம் கற்கும் சிறுவரை அரும்பு, மொட்டு, மலர் என நிலைப்படுத்தியது. அரும்பு மொட்டாவதும், மொட்டு மலராவதும் அழகான இலக்கே. ஆனால் "பக்கத்து வீட்டுப் பிள்ளை மலர், நீ இன்னும் அரும்புதானா?" என்று வீட்டில் கேட்டால், ஏறுவதற்கு வைத்த ஏணியே இடறும் கல்லாகிவிடும்.

ஐரோப்பிய அவை 2001இல் வெளியிட்ட மொழி அளவுகோல் இங்கு உதவும். தன்னை அறிமுகப்படுத்த முடியும், தான் வாழும் இடத்தைப் பற்றிய கேள்விக்குப் பதில் கூற முடியும் என்றே அதன் தொடக்க நிலை அமைந்துள்ளது. 'என்னால் முடியும்' என்பதே அங்கு அளவு, அடுத்தவர் அல்ல.

நம் வீடுகளிலும் பங்கின் மாலை வகுப்புகளிலும் இதைச் செய்யலாம். இந்த வாரம் தன் பெயரும் ஊரும் சொல்வது. அடுத்த வாரம் கடையில் ஐந்து பொருள்களைக் கேட்பது. முடித்ததைக் குழந்தையே குறிப்பேட்டில் குறிக்கட்டும். பேசும்போது இடைமறித்துத் திருத்தாமல் முழுவதும் கேட்போம். "எத்தனையாவது ரேங்க்?" என்பதை விடுத்து, "போன வாரம் சொல்லத் தெரியாத எதை இன்று சொல்வாய்?" என்று கேட்போமா?