தேயும், கத்தும்... நிற்குமா?

என் அக்கா பையன் ஒரு 650 சிசி மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறான். சனி, ஞாயிறு வந்தால் ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை என்று கிளம்பிவிடுவான். போன மாதம் டயர் மாற்ற வேண்டி வந்தது. ‘ஸ்போர்ட் டூரிங்’ என்று டயரில் ஒரு ஜாதி உண்டு. நெடுஞ்சாலையில் நாள் பூரா ஓட வேண்டும், மலைப்பாதையில் வண்டியைச் சாய்க்கும்போது பிடிக்க வேண்டும், மழையிலும் வழுக்கக் கூடாது. இத்தனையையும் ஒரே ரப்பரில் எதிர்பார்ப்பவர்களுக்கான டயர். அதில் மூன்று கம்பெனி டயர்களை ஒப்பிட்டு அழகாக ஓர் அட்டவணை போட்டு எடுத்துக்கொண்டு வந்தான். “எது வாங்கலாம்னு நீங்க சொல்லுங்க மாமா.”

அட்டவணையில் மூன்று பத்திகள். தேய்மானம், சத்தம், பிடிப்பு. தேய்மானத்துக்குக் கீழே சுத்தமாக எண்கள்: 9,000, 12,000, 14,000 கிலோமீட்டர். சத்தத்துக்குக் கீழே: ‘கம்மி’, ‘அறுபதுக்கு மேல ஊளை’, ‘ஓட ஓட அதிகமாகும்’. பிடிப்புக்குக் கீழே மூன்று டயருக்கும் ஒரே வாசகம்: ‘நல்லா இருக்கும்கறாங்க.’

“யார்றா சொல்றாங்க?”

“எல்லாரும்தான் மாமா.”

பையன் மேல் தப்பில்லை. தேய்மானத்தை யாரும் அளக்கலாம். டயர் பள்ளத்தில் ஒரு ரூபாய்க் காசைச் செருகிப் பார்த்தாலே போதும். சத்தத்துக்குக் காது போதும். பிடிப்பு அப்படி இல்லை. இரண்டு வருஷம் தினம் ஓட்டினாலும் அது எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. ஏதோ ஒரு நாள் மழையில், குறுக்கே ஒரு மாடு வரும்போது, ஒரே ஒரு விநாடி தெரியும். அதற்கப்புறம் தெரிந்தவர் வந்து சொல்ல முடிகிறதா என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

டயர் கடைக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார். “இது பாருங்க சார், கெட்டி மால். சீக்கிரத்துல தேயாது” என்றார். “மழையில நிக்குமா?” என்று கேட்டேன். என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, “மழையில எதுக்கு சார் வண்டி எடுக்கறீங்க?” என்றார்.

அவரிடம் தினம் ஐம்பது பேர் வருகிறார்கள். ஐம்பது பேரும் கேட்கிற ஒரே கேள்வி, “எத்தனை கிலோமீட்டர் ஓடும்?” கேட்கிற கேள்விக்குத்தான் பதில் வைத்திருப்பார். கம்பெனிகளும் அப்படித்தான். நாம் சாவி கொடுத்த பக்கம் ஓடுகிற பொம்மைகள் அவை.

இதில் உள்ள வில்லங்கம், ‘சீக்கிரத்துல தேயாது’ என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்ன அதே குணம் பல சமயம் மழையில் நமக்கு எதிரி. ரப்பர் தரையைப் பிடிப்பது எப்படி? சாலையின் சொரசொரப்பில் உள்ள பொடிப் பொடி மேடு பள்ளங்களுக்குள் அமுங்கி, கொஞ்சம் சோம்பேறித்தனமாக மீண்டு வருகிறது. அந்தச் சோம்பலில் வண்டியின் வேகம் கரைகிறது. பிடிப்பு என்பதில் பெரும்பங்கு இதுதான். மிருதுவான ரப்பர் நன்றாக அமுங்கும், ஆனால் சீக்கிரம் தேயும். கெட்டி ரப்பர் வருஷக்கணக்கில் வரும், ஈரத் தரையில் சோப்புக்கட்டி மாதிரி போகும். 1990-களில் கார்பன் பிளாக்கோடு சிலிக்காவைக் கலந்து இந்தச் சண்டையைக் கொஞ்சம் சமாதானப்படுத்தினார்கள். நல்ல ஸ்போர்ட் டூரிங் டயரில் இன்னொரு தந்திரமும் உண்டு. நடுவில் கெட்டி ரப்பர், இரண்டு ஓரங்களிலும் மிருதுவான ரப்பர். நேராகப் போகும்போது நடு தேயட்டும், சாயும்போது ஓரம் பிடிக்கட்டும் என்று.

ஆனாலும் சமாதானம்தான், வெற்றி இல்லை. தேய்மானத்தில் முதல் மார்க் வாங்கும் டயர் பிடிப்பிலும் முதல் மார்க் வாங்கினால் விசாரித்துப் பார்ப்பது நல்லது.

கிலோமீட்டர் கணக்கிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. சென்னையிலிருந்து சேலம் வரை நாலுவழிச் சாலையில் நேராகவே போய்க்கொண்டிருந்தால் பின் டயர் நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். உருண்டையாக இருந்தது சதுரமாகிறது. 14,000 கிலோமீட்டர் ஓடும் என்று வாங்கியவர் 10,000-ல், அப்படிப்பட்ட டயரோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறார். வண்டி முதலில் சாய மறுக்கிறது. அப்புறம் தட்டையின் விளிம்பைத் தாண்டியதும் தடாலென்று சாய்கிறது. ஓட்டுகிறவருக்கு அடிவயிறு கலங்கும். காசு இன்னும் பள்ளத்தில் செருகத்தான் செய்கிறது. கிலோமீட்டர் கணக்குப்படி டயர் ‘நல்லா இருக்கு’.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டயரின் கட்டங்கள் தரையில் மோதுவது, பள்ளங்களில் மாட்டிய காற்று பிதுங்கி வெளியேறுவது, இரண்டும் சேர்ந்ததுதான் அந்த ஊளை. கட்டங்கள் எல்லாம் ஒரே அளவில் இருந்தால் ஒரே சுருதியில் கத்தும் என்பதால் வேண்டுமென்றே அளவை மாற்றி மாற்றி வெட்டுகிறார்கள். பிரேக் பிடித்துப் பிடித்து முன் டயரின் கட்டங்கள் ரம்பப் பல் மாதிரி தேயும்போது சத்தம் கூடும். அதாவது டயர் கத்தினால் அது ஏதோ சொல்கிறது என்று அர்த்தம். காற்று குறைவாக இருக்கலாம், தேய்மானம் கோணலாக இருக்கலாம். கேட்டுக்கொள்வது நல்லது. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? பத்தாயிரம் செலவழித்து சைலன்சரைக் கழற்றிவிட்டுத் தெருவே அதிர வண்டி ஓட்டுகிறவர், டயர் ‘ஙொய்’ங்குது என்று புகார் சொல்கிறார்!

சரி, பிடிப்பை அளக்கவே முடியாதா? தாராளமாக முடியும். ஜெர்மனியில் ‘மோட்டோராட்’ என்ற பத்திரிகை பல வருஷங்களாகச் செய்துவருகிறது. வண்டியை மாற்றாமல் டயரை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு, தண்ணீர் பாய்ச்சிய டிராக்கில் ஓட்டி, பிரேக் போட்டு அளக்கிறார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி எத்தனை மில்லிமீட்டர் தேய்ந்தது என்றும் பார்க்கிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எண்களும் அச்சாகின்றன. வாங்குகிறவர் தனக்கு எது முக்கியம் என்று தீர்மானிக்கிறார்.

நம் அரசாங்கத்துக்கும் இது தெரியாததல்ல. 2022 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு அறிவிக்கை வெளியிட்டது. உருளும்போது எவ்வளவு சக்தி வீணாகிறது, ஈரத்தில் எவ்வளவு பிடிக்கிறது, எவ்வளவு சத்தம் போடுகிறது, இந்த மூன்றிலும் டயர்கள் ஒரு தரத்தை எட்ட வேண்டும் என்றது. ஏ.ஐ.எஸ்.142 என்று அந்தத் தரத்துக்குப் பெயர். அந்த வருஷம் அக்டோபர் 1 முதல் புதிய வடிவமைப்புகளுக்கு அமல். படித்துவிட்டு மகிழ்ச்சியில் கை தட்டப் போனேன். யாருக்கு என்று பார்த்தால் சி1, சி2, சி3. கார், சின்ன லாரி, பெரிய லாரி, பஸ். இரண்டு சக்கரம் அந்தப் பட்டியலில் இல்லை.

அதே 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அமைச்சகத்தின் கணக்குதான். அவர்களில் 74,897 பேர், அதாவது நூற்றுக்கு நாற்பத்து நாலரைப் பேர், இரு சக்கர வண்டியில் போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருஷம் முதல் இடம் தமிழ்நாட்டுக்கு. எல்லாம் டயரால் வந்தது என்று சொல்லவில்லை. குடி, வேகம், ராங் சைடு, ஹெல்மெட் இல்லாதது, குழி எல்லாம் இருக்கிறது. ஆனால் நாலு சக்கரத்தில், இரும்புக் கூண்டுக்குள், பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு ஈரப் பிடிப்பைச் சோதித்துவிட்டு, இரண்டு உள்ளங்கை அளவுகூடத் தரையைத் தொடாத ரப்பரை நம்பிப் போகிறவரை விட்டுவிட்டது என்ன நியாயம்?

இன்னொரு நியாயத்தையும் பாருங்கள். டயர் எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 94 சொல்கிறது. மற்ற வாகனங்களுக்குப் பள்ளம் 1.6 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். இரண்டு, மூன்று சக்கர வண்டிக்கு 0.8 போதும். சரிபாதி! ஜெர்மனியில் மோட்டார் சைக்கிளுக்கும் 1.6 தான். அங்கே மழைக்கு ஈரம் ஜாஸ்தியோ என்னவோ.

“ஐரோப்பாவிலேயே டயர் லேபிள்ல மோட்டார் சைக்கிள் இல்லையே?” என்று டயர் கம்பெனியில் இருக்கும் நண்பர் ஒருவர் மடக்கினார். உண்மைதான். 2012-ல் அங்கே வந்த லேபிளிலும் இரு சக்கரம் இல்லை. ஆனால் அங்கே மோட்டார் சைக்கிள் பெரும்பாலும் கோடைக்காலப் பொழுதுபோக்கு. இங்கே அது ஜீவனம். ஐரோப்பாக்காரர் செய்யாததைச் செய்யக் கூடாது என்று எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது? “இரு சக்கர வண்டியில சோதனை பண்றது ஓட்டறவனைப் பொறுத்து மாறும் சார்” என்றார் அடுத்து. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேல் புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். ஏ.பி.எஸ். வைத்த வண்டியில் நேர் கோட்டில் முழு பிரேக் போட்டு நிறுத்துவதில் ஆளுக்கு ஆள் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும்? ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். ரப்பரில் இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது. பிரேக்குக்குச் சட்டம் போட்டவர்கள் அந்த பிரேக் எதை நம்பி நிற்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை.

டயர் தெரியாத ஊரா இது? 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்து ஆரம்பித்த கம்பெனிதான் எம்.ஆர்.எஃப். மதுரைப் பக்கத்து டயர் தொழிற்சாலை இரு சக்கர டயருக்கே பேர்போனது. ஒரகடத்தில் அரசாங்கத்தின் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. டிராக் இருக்கிறது. தண்ணீர்தான் பஞ்சம் என்றால் அதற்கும் டிசம்பர் வரை காத்திருக்கலாம்.

என் அக்கா பையன் எப்படியோ தப்பித்துக்கொள்வான். கையில் காசு இருக்கிறது, நாலு இடத்தில் விசாரிப்பான், வெளிநாட்டுப் பரிசோதனைகளைத் தேடிப் படிப்பான். நான் நினைப்பது 100 சிசி வண்டியில் மனைவியும் இரண்டு குழந்தைகளுமாகப் போகிறவரை. சாப்பாட்டுப் பையோடு ராத்திரி பதினோரு மணி மழையில் பறக்கிற பையனை. அவர்கள் கடைக்கு வந்து “எது ரொம்ப நாள் வரும்?” என்றுதான் கேட்பார்கள். மாதச் சம்பளக்காரர் அதைத்தான் கேட்க முடியும். அவர்களுக்குப் போகிற டயரில் ஈரப் பிடிப்பு என்ன என்று எங்கேயும் எழுதியிருப்பதில்லை. விலையை அச்சடிக்கிறார்கள், அளவை அச்சடிக்கிறார்கள், எந்த வாரம் எந்த வருஷம் செய்தது என்றுகூட நாலு எண்ணில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இன்னும் ஓர் எண் போட ரப்பரில் இடமில்லையா? சோதனை செலவு என்பார்கள். லட்சக்கணக்கில் விற்கிற டயரில் ஒரு டயருக்கு எத்தனை பைசா வரும்?

அந்த நாலு எண்ணைப் பற்றிச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. கடைக்காரர் பளபளவென்று பாலிஷ் போட்டு வைத்திருந்த டயரை எடுத்துக் காட்டினார். குனிந்து பார்த்தேன். கடைசி இரண்டு எண்கள் 19. “2019 மாலா?” என்றேன். “ஓடாத டயர் சார், புதுசு மாதிரிதான்” என்றார். ரப்பர் ஓடாவிட்டாலும் கெட்டியாகும் என்று சொல்லிப் பார்த்தேன். “அப்ப இன்னும் ரொம்ப நாள் தேயாதுல்ல?” என்றார் சந்தோஷமாக.

பையன் கடைசியில் வேறு கடையில், அந்த வருஷமே செய்த டயராகப் பார்த்து வாங்கினான். அட்டவணையின் மூன்றாவது பத்தியில் இன்னும் ‘நல்லா இருக்கும்கறாங்க’தான். அதனால் மழை நாட்களில் வண்டியை நிறுத்திவிட்டு என் காரில் ஏறிக்கொள்கிறான். அதன் டயர்களைப் போன வருஷம்தான் மாற்றினேன். சி1. ஈரப் பிடிப்பு சோதித்தது.