மாப்பிள்ளை விருந்தாளி அல்ல

முதற்பிள்ளை பிறக்கப்போகும் வீட்டில் வாப்பாவாகப் போகிறவனுக்கு என்ன வேலை? நம்மவர்களிடம் கேட்டால் மூன்றைச் சொல்வார்கள். காதில் பாங்கு சொல்வது, பெயர் வைப்பது, ஏழாம் நாள் அகீகாவுக்கு ஆடு பிடிப்பது. மூன்றும் நல்ல காரியங்களே. ஆனால் மூன்றையும் சேர்த்தாலும் ஒரு நாள் வேலைகூட இல்லை. பிள்ளை வளர்ப்போ இரவும் பகலும் உள்ள வேலை.

இந்தச் சோம்பலுக்கு நம் குடிமுறை நெடுங்காலம் நிழல் கொடுத்தது. கிழக்கில் வீடு பெண்ணுக்குரியது. சீதன வீட்டுக்கு ஆண் மாப்பிள்ளையாக வந்து சேர்கிறான். பிள்ளைப்பேறு வந்தால் உம்மா, உம்மம்மா, ராத்தா, சாச்சி என்று ஒரு படையே நாற்பது நாளைக்குப் பொறுப்பெடுக்கும். மாப்பிள்ளை திண்ணையில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பான். முஸ்லிம்களிடம் மட்டுமல்ல, அயலிலுள்ள தமிழர்களிடமும் இதே ஒழுங்குதான். அந்த ஒழுங்கு அழகானது என்று எழுதிவருகிறோம். அந்த வீடே இல்லாமற் போனால் என்ன நடக்கும் என்று எழுதினோமா?

இந்தக் கேள்வியைச் சம்பூரிடம் கேட்க வேண்டும். 2006 ஏப்ரலில் குண்டுவீச்சும் ஷெல் வீச்சும் தொடங்கியதிலிருந்து கொட்டியாரக்குடாவின் அக்கரையில் அந்த மக்கள் ஓடத் தொடங்கினார்கள். செப்டெம்பர் 4இல் இராணுவம் ஊரைப் பிடித்தது. 2007இல் அது உயர்பாதுகாப்பு வலயமானது. பிறகு அனல்மின் நிலையம் என்றார்கள், கைத்தொழில் வலயம் என்றார்கள். கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் தகரக் கொட்டில்களுக்குள் ஆண்டுகள் கழிந்தன. 2015, 2016இல்தான் காணிகள் திரும்பக் கிடைத்தன. அந்த முகாம்களில் முதற்பிள்ளை பெற்றவளுக்குத் தாய்வீட்டு அறையும் இல்லை, கிணற்றடியும் இல்லை. அவளுடைய தாயே வேறு முகாமில் இருந்திருக்கக்கூடும். அங்கே பக்கத்தில் இருந்த ஆள் புருஷன் மட்டுமே. அவனுக்கோ யாரும் எதையும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

அடுத்தவரைச் சொல்லிவிட்டு நான் தப்ப முடியாது. அதே 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் கந்தளாய்க்கு நடந்தபோது எங்கள் மூத்த மகளுக்கு வயது 18 நாள். பாடசாலை மண்டபத்தில் பத்துக் குடும்பங்களுக்கு நடுவே மனைவி பாலூட்டக் கூச்சப்பட்டாள். பிள்ளை அழுதது. “பால் வற்றிப்போச்சு” என்று யாரோ சொன்னார்கள். நான் பெரிய காரியம் செய்வதாக நினைத்து ஒரு பேணி பால்மா வாங்கிவந்தேன். போத்தலைக் காய்ச்ச அடுப்பில்லை, தண்ணீர் பவுசரில் வந்தது. மூன்றாம் நாள் பிள்ளைக்கு வயிற்றோட்டம். முகாமுக்கு வந்த மருத்துவ மாது என்னைத்தான் ஏசினார். “பால்மா தேடின நேரத்துக்கு ஒரு சீலையைப் பிடிச்சு மறைப்புக் கட்டியிருக்கலாமே, தம்பி!” அந்த ஏச்சு இன்றும் காதில் நிற்கிறது. பயமும் களைப்பும் பால் இறங்குவதைத் தாமதிக்கும், பாலை இல்லாமலாக்காது. பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும். போத்தல் புகுந்தால் உறிஞ்சல் குறையும், பாலும் குறையும். இந்தச் சின்னக் கணக்கு எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் அந்த வயதில் நாவல் கோட்பாடு பற்றி இரண்டு மணி நேரம் பேசுவேன்.

அறிவு அரிதாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து வீடு தேடிவரும் மருத்துவ மாதுகள் இந்த நாட்டில் உண்டு. பால்மா விளம்பரத்துக்குக் கடிவாளமிடும் உலகக் கோவை 1981இல் வந்தது, 1983இல் இலங்கை தனக்கென ஒன்றை ஆக்கிக்கொண்டது. மருத்துவ மாது வாசலுக்கு வந்தால் ஆண் பின்வாசலால் போய்விடுகிறான். குறை அங்கேதான்.

முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குத் தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டாம். ஒரு வயதுவரை தேன் நாக்கில் தொடவும் கூடாது, அதிலிருக்கக்கூடிய கிருமி சிசுவை முடக்கும். தொப்புள் கொடியில் சாம்பலோ எண்ணெயோ பூசாமல் காயவிட வேண்டும். பிள்ளை பால் குடிக்க மறுத்தால், நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால், உடல் கொதித்தால் அல்லது குளிர்ந்துபோனால், விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பெற்றவள் நாட்கணக்கில் காரணமின்றி அழுதால் அது ‘ஜின்’ அல்ல, வைத்தியம் உள்ள நோய். இதில் எது ஆணுக்கு விளங்காத பாடம்?

“இது மேற்கத்தேயப் பெண்ணியச் சரக்கு” என்பார்கள். சூரா பகராவின் 233ஆம் வசனத்தை இவர்கள் ஓதுவதில்லையா? பாலூட்டும் தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்கிறது அது. பால்மறக்கடிப்பதைக்கூட இருவரும் கலந்தாலோசித்து முடிவெடுக்கலாம் என்கிறது. ஒன்றும் தெரியாதவனோடு எதைக் கலந்தாலோசிப்பது?

அரசும் நம்மைப்போலத்தான் நினைக்கிறது. 2013இல் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் தாயிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டார்கள், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் தடுத்தார்கள். 2022இல் அது இரண்டு வயதாகக் குறைந்தது. பிறந்த பிள்ளையின் முகம் பாராமல் கட்டாருக்கு விமானமேறும் தகப்பனிடம் எந்த அறிக்கையும் கேட்கப்படவில்லை. அரச உத்தியோகத்தனான தகப்பனுக்கோ மகப்பேற்று லீவு மூன்றே நாள்.

எழுதுகிறவர்களாகிய நம் பங்கும் சிறிதல்ல. யுத்தத்தைப் பற்றிய நம் கதைகளில் தாய்மை கண்ணீராய் ஓடுகிறது, தகப்பன் ஒன்று சுடப்படுகிறான் அல்லது காணாமற்போகிறான். உயிரோடிருந்து நள்ளிரவில் பீத்துணி அலசிய தகப்பனை நாம் எழுதவில்லை. எழுதப்படாத ஆளைப் பார்த்து யார் பழகுவான்?

இன்று சம்பூரில் வீடுகள் எழும்பிவிட்டன. மூதூரிலும் சீதன வீடுகள் கட்டப்படுகின்றன. பழைய திண்ணையும் திரும்பி வரும். கொழும்பு மாடிக் குடியிருப்பிலோ தோஹாவிலோ லண்டனிலோ முதற்பிள்ளை பெறும் நம் பெண்ணுக்கு உம்மாவும் இல்லை, சாச்சியும் இல்லை. அவள் பக்கத்தில் இருக்கப்போவது முகாமில் இருந்த அதே ஆள்தான். எதிர்பாராத இடப்பெயர்வு என்று நாங்கள் சாக்குச் சொன்னோம். பத்து மாதம் முன்கூட்டியே தெரிந்த ஒரு வருகைக்கு இவர்கள் என்ன சாக்குச் சொல்வார்கள்?